அரிப்புக்கு எந்தச் சாப்பாடு காரணம்? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

உடம்பு அரிக்கிறது என்று வீட்டில் சொன்னால் போதும், கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை, முட்டை, தக்காளி என்று ஆளுக்கொன்றைச் சொல்லி ஒரே நாளில் பாதிச் சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். அப்படி மொத்தமாக நிறுத்தாதீர்கள். அரிப்பு குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது, ஒத்துக்கொள்ளும் உணவையும் சேர்த்தே ஆயுசுக்கும் விட்டுவிடுவோம்.

முதலில் உங்களுக்கு வருவது எது என்று பாருங்கள். திட்டுத் திட்டாகத் தடித்து, ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளுக்குள் தடம் தெரியாமல் மறைந்தால் அது காணாக்கடி. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் வறண்டு சிவந்து, சொறியச் சொறியத் தடித்துப்போனால் பெரும்பாலும் கரப்பான். உணவால் வரும் காணாக்கடி பொதுவாக 2 மணி நேரத்துக்குள் வந்துவிடும். 6 வாரத்துக்கு மேல் விடாமல் வந்தால் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். கரப்பான் மறுநாள்கூடக் கிளம்பும், அதனால்தான் காரணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். "காலை 8: இட்லி, கடலைச் சட்னி. மதியம்: மீன் குழம்பு, நேற்று வைத்தது. இரவு 9: கழுத்தில் அரிப்பு." இவ்வளவு போதும். வியர்வை, புது சோப்பு, தூக்கம் கெட்டது, மாத்திரை எல்லாவற்றையும் கூடவே எழுதுங்கள், ஏனென்றால் பல நேரம் குற்றவாளி அங்கேதான் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் 2 முதல் 4 வாரம் முழுசாக நிறுத்துங்கள்.

முழுசாக என்றால் முழுசாக. கோதுமையை நிறுத்துகிறவர் சப்பாத்தியை விட்டுவிட்டு ரவை உப்புமாவும் சேமியாவும் சாப்பிட்டால் பிரயோஜனமில்லை. பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், சாம்பார் ரசம் வழியாகத் தினமும் உள்ளே போகும். நிலக்கடலை என்றால் ஹோட்டல் சட்னியைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பாக்கெட்டில் பால், சோயா, நிலக்கடலை இருந்தால் அச்சிட வேண்டும் என்பது சட்டம், அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

குறைந்துவிட்டதா? சரி, இப்போதுதான் முக்கியமான வேலை. அதே பொருளைத் தனியாக, கொஞ்சமாகத் திரும்பச் சாப்பிட்டு மூன்று நாள் கவனியுங்கள். மறுபடி கிளம்பினால் காரணம் அதுதான் என்று நம்பலாம், ஒன்றும் ஆகவில்லையென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் உதடு வீங்கியது, மூச்சு முட்டியது, தலை சுற்றியது என்று எப்போதாவது நடந்திருந்தால் வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது, அலர்ஜி மருத்துவரிடம்தான் போக வேண்டும். அந்த அறிகுறி வந்துவிட்டால் உடனே 108.

குழந்தைகளுக்கும் இந்த வழி வேண்டாம். கரப்பான் உள்ள குழந்தைக்குப் பாலையோ முட்டையையோ மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது கடுமையான ஒவ்வாமை வரும் ஆபத்து உண்டு. நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கும் ஐஜிஜி டெஸ்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள், நாம் வழக்கமாகச் சாப்பிடுவதையெல்லாம் அது காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது.

மீன் விஷயம் தனி. சூரை, அயிலை போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அதில் சேர்ந்துவிடும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, சாப்பிட்டதும் முகம் சிவந்து அரிக்கும். அப்போது பழுது மீன் கெட்டதில்தான், மீனே உங்களுக்கு ஆகாது என்று அர்த்தமில்லை.

பால்தான் காரணம் என்று உறுதியானால் சுண்ணாம்புச் சத்துக்கு வழி பண்ணிக்கொள்ளுங்கள்: கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரைப் பொரியல், எள்ளுப்பொடி, முள்ளோடு மெல்லுகிற நெத்திலி.