கொம்பும் அரவும் பூட்டிய கதவு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் மாமாவுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கடவுத்தொடர் (பல சொல் சேர்ந்த கடவுச்சொல்) தமிழில்தான்: 'கொழும்புத்துறை ஒடியற்கூழ்' (இப்போது மாற்றியாயிற்று). கணினியில் திறந்தது, போனில் 'அனுமதி இல்லை'. ஐந்து தடவை பிழைத்ததும் கணக்கே பூட்டிக்கொண்டது.

"தம்பி, சரியாத்தானே அடிக்கிறன்!"

சரியாகத்தான் அடித்திருந்தார். பைட்டுகளை எண்ணினேன், போனில் 3 கூடுதல். 'கொ'வின் கொம்பையும் (ெ) அரவையும் (ா), எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஹாஷ் (கடவுத்தொடரிலிருந்து கணக்கிட்டு ஒப்பிடும் சுருக்கக் குறியீடு) மட்டும் வேறாகிவிடும்.

சரி, ஹாஷ் எடுக்குமுன் என்எஃப்சி, அதாவது இரண்டாக வந்ததை ஒரே குறியாகச் சேர்க்கும் யுனிகோடு வடிவத்துக்கு மாற்றும் வரியைச் சேர்த்தேன். சேமிக்கும் இடத்தில் மட்டும் போட்டுவிட்டு, சோதிக்கும் இடத்தை மறந்து ஒரு மாலையை வீணாக்கியது தனிக்கதை. இரண்டிலும் போட்டபின் போனிலும் திறந்தது.

ஐந்து தடவைப் பூட்டை நான் எடுக்கவில்லை. மாமாவுக்கு அதில் இன்னும் கோபம்.