செயின்சாவின் ஏர் ஃபில்டர் அடைத்தால் கார்புரேட்டர் என்ன செய்கிறது?

காலையில் சீராக அறுத்த செயின்சா, மதியத்துக்கு மேல் புகையைக் கக்கிக்கொண்டு முழு வேகத்துக்கு ஏற மறுத்தால், புதிதாகப் பழகுபவர் முதலில் தேடுவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ‘எச்’ என்று குறித்திருக்கும் திருகைத்தான். அதைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

செயின்சாவை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது ஓட வேண்டும் என்பதால், அதன் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை கிடையாது. டயாஃப்ரம் எனும் மெல்லிய சவ்வு ஒன்றே பெட்ரோலை அளந்து விடுகிறது. அதன் ஒரு பக்கத்தில் பெட்ரோலும் மறுபக்கத்தில் வெளிக்காற்றும் இருக்கும். ஃபில்டரில் மரத்தூள் அடையும்போது உள்ளே வரும் காற்று குறைகிறது, கார்புரேட்டரின் தொண்டையில் உறிஞ்சல் கூடுகிறது; ஆனால் மறுபக்கத்து வெளிக்காற்றின் அழுத்தம் மாறுவதில்லை என்பதால், பெட்ரோல் தேவைக்கு மேல் இழுபடுகிறது. புகைக்கும் திணறலுக்கும் காரணம் இதுதான்.

ஸ்டில் நிறுவனத்தின் பல மாடல்களில் உள்ள காம்பென்சேட்டர் இதற்கு எளிய தீர்வு. டயாஃப்ரத்தின் மறுபக்கத்தை வெளிக்காற்றோடு விடாமல், ஃபில்டரின் சுத்தமான உட்புறத்தோடு ஒரு சிறு வழியால் இணைத்துவிடுகிறார்கள். ஃபில்டர் அடைத்தால் இரு பக்கமும் அழுத்தம் சேர்ந்தே இறங்குவதால் பெட்ரோல்-காற்றுக் கலவை ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. ஆனால் காற்று குறைந்தது குறைந்ததுதான். புகை வராது, இழுவை மட்டும் மெல்லக் குறையும். ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் ஏர் இன்ஜெக்‌ஷன் வேறு வழியில் போகிறது: கனமான தூளைச் சுழற்சி விசையால் ஃபில்டருக்கு வரும் முன்பே விசிறி எறிந்துவிடுகிறது.

சுத்தம் செய்ய, இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி வையுங்கள். அடுத்ததாக, கார்புரேட்டருக்குள் காற்று போகும் வழியை அடைக்கும் சோக்கை மூடுங்கள். பலர் தவறவிடும் இந்தச் சிறு வேலைதான் ஃபில்டரை எடுக்கும்போது உதிரும் தூள் கார்புரேட்டருக்குள் விழாமல் காக்கிறது. சுற்றியுள்ள தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஃபில்டரை வெளியே எடுத்து, கழுவத்தக்க வகை என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, ஈரமே இல்லாதபடி உலர்த்துங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிநோக்கி அடிக்க வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் புதியது வாங்கிவிடுங்கள், ஏனெனில் அடைத்த ஃபில்டர் வேலையைத்தான் கெடுக்கும், கிழிந்த ஃபில்டர் பிஸ்டனையே கீறிவிடும். காம்பென்சேட்டர் உள்ள மாடலில், ஃபில்டரின் உட்புறம் திறக்கும் அந்தச் சிறு துளையில் எண்ணெய்ப் பிசுக்கு அடைந்திருந்தால் துடைத்தெடுக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகே திருகைப் பற்றி யோசிக்கலாம். காம்பென்சேட்டர் இல்லாத இயந்திரத்தில், ஃபில்டர் அடைத்திருக்கும்போதே எச் திருகை முடுக்கிப் பெட்ரோலைக் குறைத்தால் புகை அடங்கும். மறுநாள் ஃபில்டரைச் சுத்தம் செய்ததும் அதே அமைப்பில் பெட்ரோல் போதாமல் போகும். பெட்ரோலில் கலந்து வரும் ஆயிலும் குறைவதால், இஞ்சின் கூர்மையான சத்தத்தோடு அதிவேகமாகச் சுற்றி, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.