வெள்ளை ஈக்கு மருந்தடிக்க முதல் ஓலையைப் பிரட்டிப் பாருங்கோ

முந்தாநாள் யாழ்ப்பாணத்தில எங்கட கோண்டாவில் ஒழுங்கையில ஒரு தம்பி முதுகில மருந்துத் தாங்கியைக் கொழுவிக்கொண்டு தென்னைக்கு அடிக்க வெளிக்கிட்டார், பார்த்த உடன என்ர பழைய கூத்துத்தான் ஞாபகம் வந்தது. கையுறை போடுங்கோ, காத்துக்கு எதிரா அடிக்காதேங்கோ எண்டதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவம். வெள்ளை ஈ வந்தா நாங்கள் விடுற மற்றப் பிழையளைத்தான் கீழ ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

கறுப்பைப் பார்த்து பங்கசு மருந்து அடிக்கிறது

ஓலையில படியிற கறுப்பு நோயில்லை. மேல இருக்கிற ஈ கழிக்கிற இனிப்புத் தண்ணி கீழ சொட்ட, அதில வளருற பூஞ்சணம்தான் அது.

கடும் நஞ்சு அடிக்கிறது

இதை நினைச்சா எனக்கு இப்பவும் விசர் வரும். கடையில "அண்ணை, நல்ல ஸ்ட்ரோங்கா ஒண்டு தாங்கோ" எண்டு கேட்டு வாங்கி, ஆளும் பிடிச்சு ரெண்டுதரம் அடிச்சன். ஒரு கிழமை ஓலை பளிச்செண்டு கிடந்தது, நானும் பக்கத்து வளவுக்காரருக்குப் பெருமையடிச்சன், பேந்து பார்த்தா முன்னையவிட மோசம், கீழ நிண்ட கொய்யா, வாழை எல்லாத்திலயும் வெள்ளை மா அப்பிக்கிடக்குது. என்ன நடந்ததெண்டா, ஈயும் குஞ்சும் ஓலைக்கு அடியில மெழுகுக்குள்ள இருக்கும், கீழயிருந்து அடிக்கிற நஞ்சு அதுகளில வடிவாப் படாது, ஆனா குஞ்சுக்குள்ள முட்டையிட்டு அதுகளை அழிக்கிற என்காசியா எண்ட பொடிக் குளவி வெளியில பறந்து திரியிறதால முதல் சாகிறது அதுதான். காசு குடுத்து காவல்காரனைக் கொண்டிட்டன்!

2008 இல பப்பாசிக்கு வெண்மூட்டுப்பூச்சி வந்தப்பவும் கடைசியில கைகுடுத்தது வெளிநாட்டிலயிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னக் குளவிதானே. 2016 இல தமிழ்நாட்டில பொள்ளாச்சிப் பக்கம் இதே ஈ வந்தப்பவும் என்காசியாவைத்தான் பெருக்கி விட்டவை.

அதால முதல் ஒரு ஓலையை வெட்டி விழுத்தி, பிரட்டி, லென்ஸ் வைச்சுப் பாருங்கோ. ஈ வெளிக்கிட்ட ஓடு கிழிஞ்ச மாதிரி இருக்கும், குளவி வெளிக்கிட்டதெண்டா ஊசியால குத்தின மாதிரி வட்ட ஓட்டை. அந்த ஓட்டை கனக்கக் கிடந்தா மருந்துப் போத்திலைத் திறக்கவே வேண்டாம். இல்லையெண்டா மோட்டர் போட்டு ஹோஸால ஓலைக்கு அடிப்பக்கம் பலமாத் தண்ணி அடியுங்கோ, எட்டுற மரத்துக்கு லீற்றருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணியும் கலந்து அடிக்கலாம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், ஊத்தினது கிணத்துக்குப் போக நேரமெடுக்காது, அதையும் யோசியுங்கோ.

தனிய ஒரு வளவை மட்டும் கழுவுறது

வேலிக்கு அங்கால இருந்து திரும்ப வரும். ஒழுங்கையா சேர்ந்து செய்யுங்கோ.

பச்சை ஓலையை லான்மாஸ்டரில (ரெண்டு சில்லு உழவு மெசினில) ஊர் கடத்துறது

ஈயும் சேர்ந்து போகும். கிடுகு பின்ன ஓலை வேணுமெண்டா உங்கட வளவிலயே வெட்டுங்கோ.

கறுத்திட்டுதெண்டு மரத்தைத் தறிக்கிறது

தறிக்காதேங்கோ. காய் குறையும், ஆனா வெள்ளை ஈயால மட்டும் தென்னை சாகிறது குறைவு. அந்தத் தம்பிக்கு லென்ஸைக் குடுத்துவிட்டனான், இன்னும் திருப்பித் தரேல்ல.