‘எல் கிளான்’ படத்தை எப்படிப் பார்ப்பது?

பாப்லோ டிராபெரோ இயக்கி 2015-இல் வந்த அர்ஜென்டினா படம். 1982 முதல் 1985 வரை புவெனஸ் அயர்ஸ் அருகே சான் இசித்ரோவில் பூச்சியோ குடும்பம் நடத்திய ஆள்கடத்தல்களே கதை. மூவர் கொல்லப்பட்டார்கள், நான்காமவரைப் போலீஸ் உயிரோடு மீட்டது.

முதலில் இரண்டு தேதிகளை மனதில் வையுங்கள்: 1976-இல் ராணுவ ஆட்சி தொடங்கியது, 1983 டிசம்பர் 10-இல் அது முடிந்து, தேர்தலில் வென்ற அல்ஃபோன்சின் அதிபரானார். இது தெரியாவிட்டால் இடையிடையே வரும் பழைய செய்திக் காட்சிகள் ஒட்டாமல் நிற்கும். தகப்பன் அர்கிமேதெஸுக்கு அதுவரை இருந்த தைரியம் எங்கிருந்து வந்தது என்பதும் பிடிபடாது. காலமும் முன்பின்னாகத் தாவும். அல்ஃபோன்சின் பெயர் அடிபடும் இடங்களை அடையாளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் பேச்சுக்குப் பிந்தி வந்தால், விஎல்சி வீடியோ பிளேயரில் (விண்டோஸ் கணினியில்) ‘ஜி’ விசையைத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட் முந்தும். முந்தி வந்தால் ‘ஹெச்’. சரிசெய்த பிறகும் போகப்போக இடைவெளி கூடினால் கோப்பின் பிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்பது) சப்டைட்டிலுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். தட்டிப் பயனில்லை, வேறு சப்டைட்டில் தேடுங்கள்.

ஹெட்போன் கட்டாயம். வானொலிப் பாட்டுக்கு அடியில்தான் அலறல் கேட்கும். சாப்பாட்டுத் தட்டோடு தகப்பன் வீட்டுக்குள் நடக்கும் காட்சியில் போனைத் தொடாதீர்கள்: சமையலறை, பிள்ளைகள், பூட்டிய கதவு என எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரும். படத்தின் உயிரே அங்கேதான். மூத்த மகன் அலெகாந்த்ரோ தேசிய அணிக்கு ஆடிய ரக்பி வீரர். அவருக்கு என்ன ஆனது என்பதை முன்கூட்டித் தேடிப் படிக்காதீர்கள்.