போன் ஹேங் ஆகுதா? பிராசசரைத் திட்டும் முன் இதையெல்லாம் பாருங்கள்

போன மாதம் சித்தி கூப்பிட்டு, "புதுசா ஒரு போன் வாங்கணும்பா, இது ரொம்ப ஹேங் ஆகுது, கடையில கேட்டா பிராசசர் பழசுன்னு சொல்றாங்க" என்றார். பிராசசர் என்றால் போனின் மூளை மாதிரியான சிப். சரி, முதலில் போனைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தேன். 64 ஜிபியில் 700 எம்பிகூட காலியில்லை. எல்லாம் காலை வணக்கப் படங்கள், கும்பாபிஷேக வீடியோக்கள், யாரோ அனுப்பிய பட்டுப்புடவை விளம்பரங்கள். வாட்ஸப்பில் செட்டிங்ஸ், அதற்குள் ஸ்டோரேஜ், அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் எந்த குரூப் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பேரன் படங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு (அதற்கே ஒரு மணி நேரம் ஆனது, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை இருக்கிறதே) மீதியை அழித்து, ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தோம். போன் ஒழுங்காக ஓடுகிறது. பிராசசர் அதேதான்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேளுங்கள். வேகமான பிராசசர் வாங்கினால் வித்தியாசம் தெரியுமா என்பதற்கு முன்னால், இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? நெட்டுக்கா, ஸ்டோரேஜுக்கா, ரேமுக்கா, இல்லை நிஜமாகவே பிராசசருக்கா? அரை மணி நேரத்தில் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஃப்ளைட் மோடைப் போடுங்கள். வைஃபையும் ஆஃப் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில போன்களில் அது தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கேலரி, செட்டிங்ஸ், கால்குலேட்டர், கான்டாக்ட்ஸ் எல்லாவற்றையும் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். இங்கே சரளமாக ஓடி, நெட் போட்டதும் மட்டும் இழுக்கிறது என்றால் எந்த பிராசசர் வாங்கினாலும் தீராது. டீக்கடையில் கியூஆர் ஸ்கேன் பண்ணிவிட்டு அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அந்த நேரத்தில் உங்கள் பிராசசர் கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கிறது. தகவல் உங்கள் பேங்குக்கும் என்பிசிஐக்கும் (யூபிஐயை நடத்தும் அமைப்பு) கடைக்காரர் பேங்குக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். பத்தாயிரம் ரூபாய் போனிலும் லட்ச ரூபாய் போனிலும் அந்த வட்டம் ஒரே மாதிரிதான் சுற்றும்.

ஃப்ளைட் மோடிலும் இழுக்கிறதா? அப்போது ஸ்டோரேஜ் எவ்வளவு காலியிருக்கிறது என்று பாருங்கள். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது. போனின் ஸ்டோரேஜான ஃப்ளாஷ் மெமரியில் புதிதாக எழுத காலி இடம் வேண்டும், அது இல்லையென்றால் பழையதை நகர்த்தி, அழித்து, அப்புறம்தான் எழுத முடியும். பாத்திரம் நிரம்பிய சமையல் மேடையில் ஒரு டம்ளரை வைக்க நான்கு பாத்திரங்களை நகர்த்துவது மாதிரி. நாம் எதுவும் சேமிக்காவிட்டாலும் ஆப்கள் பின்னால் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டேதான் இருக்கும், அதனால் இது எல்லா இடத்திலும் தடுக்கும்.

அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் ஆப்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி. நான்கைந்து ஆப்களை வரிசையாகத் திறந்துவிட்டு, முதலில் திறந்ததற்குத் திரும்பிப் போங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் ரேம் போதும். மறுபடி லோகோவைக் காட்டி ஆரம்பத்திலிருந்து திறந்தால் ரேம் போதவில்லை. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: "8+8 ஜிபி ரேம்" என்று பெட்டியில் போட்டிருப்பார்களே, அந்த இரண்டாவது 8 ரேமே இல்லை. ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம், நிஜ ரேமை விடப் பல மடங்கு மெதுவானது. காசு கொடுக்கும்போது முதல் எண்ணை மட்டும் பாருங்கள்.

போன் வாங்கி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் பேட்டரியையும் சந்தேகப்படலாம். பழைய பேட்டரி, திடீரென்று நிறைய மின்சாரம் கேட்டால் கொடுக்க முடியாமல் திணறும். ஆப்பிள் 2017 ஜனவரியில் விட்ட ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில், பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க பிராசசர் வேகத்தைக் குறைத்தது. அந்த டிசம்பரில்தான் அதைச் சரியாக ஒப்புக்கொண்டார்கள், பெரிய சத்தமாகி, பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். பேட்டரியை மாற்றியதும் போன் பழைய வேகத்துக்கு வந்தது. அதே போன், அதே பிராசசர்.

இதெல்லாம் பார்த்தும் இழுக்கிறது என்றால் மட்டும் பிராசசர் பக்கம் வாருங்கள். நான் முதலில் செய்வது கீபோர்ட் சோதனை. தங்கிலீஷில் அடித்தால் தமிழாக மாற்றும் கீபோர்டைப் போட்டு, ஒரு நீளமான வரியை வேகமாக அடியுங்கள். "amma" என்று அடித்தால் அம்மா உடனே வர வேண்டும். விரல் நின்ற பிறகும் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தால், ஆமாம், இந்த பிராசசருக்கு மூச்சு வாங்குகிறது.

அது ஏன் என்று தெரிந்துகொண்டால் வாங்கும்போது உதவும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 60 தடவை படம் மாறும், அதாவது ஒவ்வொரு படத்தையும் தயாரிக்க பிராசசருக்குச் சுமார் 16 மில்லி நொடி கிடைக்கும். 120 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி நொடி. ஆறு மணி பஸ் மாதிரி யோசித்துப் பாருங்கள். ஐந்தேகாலுக்கு ஸ்டாண்டுக்கு வந்தவரும் ஐந்து ஐம்பதுக்கு வந்தவரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள், ஆறு ஐந்துக்கு மூச்சிரைக்க ஓடி வருபவர்தான் விட்டுவிடுவார். ஓரளவு நல்ல பிராசசர் வாட்ஸப்பை ஸ்க்ரோல் செய்யும் படத்தை நேரத்துக்குள் முடித்துவிடும், அதைவிட இரண்டு மடங்கு வேகமானது இன்னும் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும், உங்கள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பஸ்ஸை விடுபவை ரொம்பக் கீழ்விலை பிராசசர்கள் மட்டும்தான்.

அந்தக் கீழ்விலைக்காரர்களை அடையாளம் காண்பது முக்கியம், ஏனென்றால் பெட்டியில் எல்லாவற்றிலும் "ஆக்டா கோர்" என்றே இருக்கும். கோர் என்பது பிராசசருக்குள் வேலை செய்யும் ஒரு பகுதி, ஆக்டா என்றால் எட்டு. எட்டு கோர் என்றால் எட்டும் ஒரே மாதிரி இல்லை. மீடியாடெக் ஹீலியோ ஜி35 என்ற பிராசசரில் எட்டுமே கார்டெக்ஸ் ஏ53 என்ற சின்ன கோர்தான். ஒரு வேலைக்கான தரவு வந்து சேரும்வரை அடுத்ததைத் தொடாமல் காத்திருக்கும் ரகம், பேட்டரிக்கு நல்லது, வேகத்துக்கு ஆகாது. ஹீலியோ ஜி99-இல் ஏ76 என்ற பெரிய கோர் இரண்டு, சின்னது ஆறு. ஸ்னாப்டிராகன் 695-இல் ஏ78 இரண்டு, சின்னது ஆறு. நாம் விரல் வைத்ததும் ஓடி வருவது அந்த இரண்டு பெரியவைதான். ஜி35-இலிருந்து ஜி99-க்குப் போனால் முதல் நாளே தெரியும். 695-இலிருந்து அதற்கு மேலுள்ள விலைகளுக்குப் போனால், பேசவும் மெசேஜுக்கும் யூடியூபுக்கும் மட்டும் போன் வைத்திருப்பவருக்குத் தெரிவது கடினம். அப்புறம் பெயரையும் நம்பாதீர்கள். டைமென்சிட்டி 6080 என்பது டைமென்சிட்டி 810-க்கே வைத்த புதுப்பெயர்.

பெரிய கோர் இருந்தும் ஸ்டோரேஜ் இஎம்எம்சி ரகமாக இருந்தால் காசு பாதி வீண். இஎம்எம்சி 5.1 நொடிக்குச் சுமார் 250, 300 எம்பி படிக்கும், அதுவும் படிக்கும்போது எழுதாது. யூஎஃப்எஸ் என்பது அதைவிட வேகமான ரகம், யூஎஃப்எஸ் 2.2 கிட்டத்தட்ட 1000 எம்பி படிக்கும், ஒரே நேரத்தில் எழுதவும் செய்யும். ஆப் திறக்கும் வேகம், அப்டேட் இன்ஸ்டால் ஆகும் வேகம் எல்லாம் இதைப் பொறுத்துத்தான். கடையில் கேட்டால் பெரும்பாலும் "அதெல்லாம் சூப்பரா இருக்கும் சார்" என்றுதான் பதில் வரும், கம்பெனி வெப்சைட்டில் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தைத் திறந்து யூஎஃப்எஸ் என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சொல்லவே இல்லையென்றால் நான் இஎம்எம்சி என்றே எடுத்துக்கொள்வேன்.

சரி, நல்ல பிராசசர் யாருக்குத்தான் தேவை? கேம் ஆடுபவர்கள், போனிலேயே வீடியோ எடிட் செய்பவர்கள், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது கேமரா. ஒரு தடவை ஷட்டரைத் தொட்டால் போன் பல படங்களை எடுத்து, வெளிச்சமான பகுதியையும் இருட்டுப் பகுதியையும் சேர்த்து ஒரு படமாகத் தைக்கிறது, அந்தத் தையல் வேலை முழுக்க பிராசசருடையது. ஒரு கல்யாணத்தில், கெட்டிமேளம் கேட்டதும் என் பழைய போனில் ஷட்டரைத் தொட்டேன். எடுத்த படத்தைத் தைத்துக்கொண்டே நின்றது. மறுபடி தொட்டபோது மூன்றாவது முடிச்சும் விழுந்து, மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அட்சதை பறந்துகொண்டிருந்தது. கேமராவுக்காகப் போன் வாங்குபவர் பிராசசருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இன்னொரு தரப்பு, ஒரே போனை ஐந்து ஆறு வருஷம் வைத்திருப்பவர்கள். 2023-இல் வந்த பிக்ஸல் 8-க்கும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷ அப்டேட் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆப்கள் வருஷா வருஷம் கனமாகிக்கொண்டுதான் போகும், இன்று சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த மிச்ச வேகம் ஐந்தாவது வருஷத்தில் பஸ்ஸைப் பிடித்துத் தரும்.

பெஞ்ச்மார்க் எண்ணை, அதாவது வேகத்தைச் சோதிக்கும் ஆப்கள் தரும் மதிப்பெண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். போனுக்குள் பொதுவாக ஃபேன் கிடையாது, சூடானால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சோதனை ஓடும் சில நிமிஷத்துக்கு வரும் எண் வேறு, மே மாத மதியம் பைக் ஹோல்டரில் மேப் ஓடும்போது கிடைக்கும் வேகம் வேறு. 2022-இல் சாம்சங்கின் சில கேலக்ஸி போன்கள் கேம்களுக்கும் மற்ற ஆப்களுக்கும் வேகத்தைக் குறைத்துவிட்டு, பெஞ்ச்மார்க் ஆப்களுக்கு மட்டும் குறைக்காமல் விட்டது தெரியவந்து, கீக்பெஞ்ச் என்ற பெஞ்ச்மார்க் ஆப் தன் பட்டியலிலிருந்து எஸ்22 உள்பட பல மாடல்களை நீக்கியது. வெயிலில் போன் திணறினால் முதலில் தடியான பின்கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டே மேப் ஓட்டாதீர்கள்.

செலவே இல்லாத ஒரு வேலையும் உண்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் அபௌட் போன் பகுதியில் இருக்கும் பில்ட் நம்பரை ஏழு தடவை தொட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் அனிமேஷன் ஸ்கேல் என்று முடியும் இரண்டும், அனிமேட்டர் டூரேஷன் ஸ்கேல் என்ற ஒன்றும் 1-இல் இருக்கும், மூன்றையும் 0.5 ஆக்குங்கள். பிராசசர் வேகம் மாறாது, திரை மாறும்போது வரும் அசைவு பாதி நேரத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் போன் புதிது மாதிரி இருக்கிறது என்று நான் செய்துகொடுத்த எல்லோரும் சொன்னார்கள். அந்த மெனுவில் வேறு எதையும் தொடாதீர்கள்.

கடைக்குப் போனால், டெமோ போன் காலியாக இருக்கும், 120 ஹெர்ட்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடும், அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60-க்கு மாற்றிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், உங்களைக் கவர்ந்தது திரையா பிராசசரா என்று தெரிந்துவிடும். பிறகு கேமராவைத் திறந்து, கடைக்குள் வெளிச்சம் குறைவான மூலையைப் பார்த்து ஐந்து படங்களை விடாமல் எடுத்து, உடனே கேலரிக்குப் போய்க் கடைசிப் படத்தைப் பெரிதாக்குங்கள். மங்கலாகத் தெரிந்து மெல்லத் தெளிகிறது என்றால், எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள், அதற்கு மேல்விலை போனிலும் அதையே எடுத்து எண்ணுங்கள். அந்த நொடிகளுக்கு எட்டாயிரமோ பத்தாயிரமோ கூடக் கொடுக்கலாமா என்று அங்கேயே நின்று முடிவு செய்துகொள்ளலாம்.