விருப்பத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்து ஜெபிப்பது எப்படி

"ஆண்டவரே, உம் சித்தம்போல் ஆகட்டும்னு சொல்லி விட்டுடுங்க" என்று சபையில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், ஆனால் ஆசைப்பட்ட ஒன்றை அப்படி ஒரே வரியில் விட யாருக்கும் வராது. மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் கெத்செமனே ஜெபம், அதாவது சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு செய்த ஜெபம், இருக்கிறது, அதன் வரிசையிலேயே போங்கள்.

முதலில் வேண்டியதைக் கேளுங்கள். இயேசுவே "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று, வரப்போகும் பாடுகளை நீக்கும்படி கேட்ட பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு வருகிறார். "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று பொதுவாக மழுப்பாமல், மகளுக்கு இந்த வரனே அமைய வேண்டும் என்றால் அதையே சொல்லுங்கள். அப்புறம், அமையாவிட்டால் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: வயது ஏறுகிறது, சொந்தக்காரர்கள் பேசுவார்கள், எதுவானாலும். நாம் இறுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் வரனை அல்ல, இந்தப் பயத்தைத்தான், ஒப்புக்கொடுக்க வேண்டியதும் அதுதான். காணிக்கை போடுகிறேன், உபவாசம் இருக்கிறேன் என்று இந்த இடத்தில் பேரம் பேச வேண்டாம்.

39-ஆம் வசனத்தையும் 42-ஆம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் "கூடுமானால்" நீக்கும்படி கேட்டவர், இரண்டாவது முறை இது நீங்காது என்றால் உம்முடைய சித்தத்தின்படி ஆகட்டும் என்கிறார். மூன்றாவது முறையும் அதே வார்த்தைகளால் ஜெபித்தார். அதனால் ராத்திரி ஒப்புக்கொடுத்த கவலை காலையில் திரும்ப வந்து நின்றால் விசுவாசம் இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாமல் மறுபடி அதையே ஜெபியுங்கள். அப்போஸ்தலன் பவுலும் மாம்சத்திலிருந்த முள் என்று தான் சொன்ன வேதனைக்காக மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது.

சொந்த வார்த்தை வராத நாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-ல் ஆரம்பித்த உடன்படிக்கை ஆராதனையின் (தேவனுக்குத் தங்களை மறுபடி ஒப்புக்கொடுக்கும் ஆராதனை) ஜெபம் உதவும், மெதடிஸ்ட் சபைகளில் புத்தாண்டையொட்டி இன்றும் சொல்கிறார்கள். உமக்காக வேலை செய்ய வைத்தாலும் சரி, ஓரமாக உட்கார வைத்தாலும் சரி என்று அதில் வரும் இடம் லேசில் வாயில் வராது.

ஒன்று மட்டும் கவனம். அடிக்கிற கணவனைச் சகித்துக்கொள்ளவோ, மாத்திரையை நிறுத்தவோ, "இதுதான் உங்களுக்குத் தேவசித்தம்" என்று யாராவது நீட்டும் முடிவுக்குத் தலையாட்டவோ இந்த ஜெபம் இல்லை.

ஆமென் சொன்னதும் வேலையைப் பாருங்கள். இயேசுவும் கெத்செமனேயில் ஜெபம் முடிந்ததும் "எழுந்திருங்கள், போவோம்" என்றுதான் சீஷர்களைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தால் நீங்களே செய்யுங்கள், சித்தமிருந்தால் அவர்களே கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.