குடும்ப ஜெபத்தில் பிள்ளை முதலில்

இரவுச் சாப்பாடு முடிந்ததும், பிள்ளைகளுக்குத் தூக்கம் சொக்குவதற்கு முன்பே குடும்ப ஜெபத்தை வைத்துவிடுங்கள். வீட்டின் கடைக்குட்டி முதலில் ஜெபிக்கட்டும். "இன்றைக்கு யாருக்காக ஜெபிக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். காய்ச்சலில் கிடக்கும் வகுப்புத் தோழன், குட்டி போட்ட பூனை, எதுவானாலும் சரி, திருத்தாமல் ஆமென் சொல்லுங்கள்.

பைபிளில் வாசிக்க 117ஆம் சங்கீதம் நல்ல தொடக்கம், இரண்டே வசனம். அப்புறம் 23ஆம் சங்கீதம்: 6 வசனம், நாளுக்கு ஒன்று.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். "ஆண்டவரே, இவன் ஒழுங்காகப் படிக்கணும், அடம்பிடிக்கக் கூடாது" என்று ஜெபத்திலேயே பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். கண்ணை மூடியிருந்தாலும் அவனுக்குப் புரியும். ஜெபம் என்றாலே திட்டு என்று மனதில் பதிந்துவிடும். அதற்குப் பதில் அவனுக்காக நன்றி சொல்லுங்கள், அவன் காதில் விழும்படி.